தன் கையே தனக்கு உதவி

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் காலை வேளையில் மாணவர் பலர் மிதிவண்டியேறிப் பள்ளிக்குச் செல்வதைக் காணலாம். தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகளும் அவற்றுள் இருக்கும். வழியில் சங்கிலி கழன்றால், கையில் கரி படிவதைப் பொருட்படுத்தாமல் தாமே மாட்டிக்கொள்வர். டயரில் முள் தைத்துக் காற்று இறங்கினால், சாலைத் திருப்பத்தில் புளிய மரத்து நிழலில் இருக்கும் கடைக்கு வண்டியைத் தள்ளிச் செல்வர். புளியைக் குறிக்கும் ‘திந்திரிணி’ என்னும் சொல்லிலிருந்தே திண்டிவனம் என்னும் பெயர் தோன்றிற்று என்பர். ஆதலின், அந்நிழலுக்கும் அவ்வூருக்கும் உள்ள உறவு பழமையானது. கடைக்காரர் சிறிது நேரத்தில் ஒட்டுப்போட்டுக் காற்றடித்துக் கொடுப்பார். பள்ளிமணி அடிக்குமுன் மாணவர் வகுப்பை அடைந்துவிடுவர்.

கூப்பிடு தொலைவில் கடையும் இல்லை, ஆளும் இல்லை என்னும் மலைப்பாதையில், நள்ளிரவில், மழை பெய்துகொண்டிருக்கும்போது அதே முள் தைத்தால் என் செய்வது? இக்கேள்விக்கு விடை தேடிக்கொண்டு புறப்படுவோரே துணையின்றிச் செல்லும் நெடுந்தொலைவு மிதிவண்டி வீரர்கள். அவர்கள் மேற்கொள்ளும் போட்டியில் கால்களின் வலிமை மட்டும் வெற்றி தருவதில்லை. புறப்படுமுன் எவ்வண்டியைத் தேர்ந்தனர், எவற்றை எடுத்துச் சென்றனர், எவற்றை விட்டுச் சென்றனர் என்பவையே பெரும்பாலும் வெற்றி தோல்விகளை வரையறுக்கின்றன.

இவ்வகைப் பயணத்தின் வரலாறு நீண்டது. 1891-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பாரிசு நகரத்திலிருந்து கடற்கரை நகரமாகிய பிரெசுட்டு வரை சென்று மீளும் போட்டி ஒன்று நடந்தது. தொலைவு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். சார்லசு தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடங்களில் அதனை முடித்து முதல்வரானார். அதே வழியிலான பயணம் இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. அதில் கலந்துகொள்வோர்க்கு அளிக்கப்படும் உச்ச காலம் 90 மணி. வழியில் ஏறி இறங்கும் மேடுகளின் உயரத்தையெல்லாம் கூட்டினால் 10,000 மீட்டருக்கு மேலாகும். இதற்கு ஆயத்தமாவோர் முதலில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்களை முறையே 13½, 20, 27, 40 மணி நேரத்துக்குள் முடித்துத் தேர்ச்சி பெறுகின்றனர். இந்தியாவிலும் இத்தகைய பயணங்கள் பல நகரங்களில் நடைபெறுகின்றன. கனடா நாட்டின் பான்பு என்னும் ஊரிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்னெல்லை வரை, ராக்கி மலைத்தொடர் வழியே ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர் செல்லும் போட்டி ஒன்றும் 2008 முதல் நடந்துவருகிறது.

இவற்றின் பொதுவிதி எளியது. எல்லார்க்கும் பொதுவாகத் திறந்திருக்கும் கடையில் உணவோ உதிரிப்பொருளோ வாங்கலாம். ஆனால் ஒருவர்க்கென ஏற்பாடு செய்த வண்டியோ ஆளோ பின்தொடர்ந்து உதவுதல் ஆகாது. இவ்விதியின் பொருளை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு.

1913-ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும்போட்டியில் யூசேன் கிரித்தோபு என்னும் வீரர் வெற்றி வாய்ப்பு மிக்கவராக விளங்கினார். பிரனீசு மலைத்தொடரில் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயைக் கடந்து அவர் இறங்கிக்கொண்டிருந்தபோது, முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்துவிட்டது. பிறர் உதவியைப் பெறுதல் விதிக்கு மாறு. கிரித்தோபு மனம் தளரவில்லை. வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு, 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, மலையடியில் இருந்த சிற்றூரை அடைந்தார். அங்கே ஒரு கொல்லுலை இருந்தது. இளமையில் பூட்டுத் தொழில் பயின்றவராதலின், இரும்பை உலையிலிட்டுக் காய்ச்சித் தாமே கவையைப் பற்றவைத்தார். நடுவர்கள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். இரு கைகளும் வேலையில் இருந்தமையால், உலைத்துருத்தியை இழுக்க அங்கிருந்த சிறுவன் ஒருவன் உதவினான். அச்சிறு உதவிக்காகவும் அவருக்குத் தண்டனையாகக் காலம் கூட்டப்பட்டது. பல மணி நேரத்தை இழந்த அவர் வெற்றியையும் இழந்தார். ஆயினும் போட்டியை முடித்தே தீர்ந்தார். 1919-இல் அப்போட்டியில் தலைமைக்குரிய மஞ்சட் சட்டையை முதன்முதல் அணிந்த பெருமை அவருக்கே கிட்டியது. அவ்வாண்டும் அவர் வண்டியின் கவை முறிந்து வெற்றியைப் பறித்தது என்பது எண்ணத்தக்கது. கைத்திறன் அவரைப் பயணத்தின் இறுதிவரை கொண்டு சேர்த்தது. வண்டியின் குறையோ வெற்றியை அவரிடமிருந்து விலக்கியது.

இந்நிகழ்ச்சியிலிருந்து தேர்வுக்குரிய மூன்று வினாக்கள் பிறக்கின்றன. இப்பொருள் இன்றியமையாததா? இது பழுதுபட்டால், பழுதுபட்ட இடத்திலேயே தன் கையால் சீர்ப்படுத்த இயலுமா? இது கையில் இல்லாவிட்டால் நேரும் இழப்பு எத்துணை? வண்டியின் சட்டம் முதல் சிறு திருகாணி வரை ஒவ்வொன்றும் இவ்வினாக்களுக்கு விடை கூறியாதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். விழுப்புரத்தில் ஓர் இளைஞர் மாலையில் புறப்பட்டு, உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாகக் கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலைக்குச் சென்று மீள எண்ணுகிறார். 2019-ஆம் ஆண்டுவரை வெள்ளிமலை விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. போக வர 200 கிலோமீட்டருக்கு மேலாகும். கள்ளக்குறிச்சி வரை நெடுஞ்சாலையும் கடைத்தெருவும் உண்டு. கச்சிராயபாளையத்தைக் கடந்து மலையேறத் தொடங்கினால் வளைவுகளும் காடும் இருளுமே துணை. இப்பயணத்துக்கு அவர் எவற்றைத் தேர்தல் வேண்டும்?

முதலாவது, வண்டியின் சட்டம். எஃகு, அலுமினியம், கார்பன் எனப்படும் கரியிழை ஆகியவற்றால் சட்டங்கள் செய்யப்படுகின்றன. கரியிழைச் சட்டம் மிக இலேசானது. ஆனால் பாறையில் மோதி விரிசல் கண்டால் வழியில் உள்ள எப்பட்டறையிலும் அதனைச் சீர்ப்படுத்த இயலாது. எஃகுச் சட்டம் சற்றுக் கனமானது. ஆயினும் அதிர்வை ஓரளவு தாங்கும். முறிந்தால் பற்றவைத்து ஊர் சேரலாம். போட்டியின் வேகத்தையே பெரிதாக எண்ணுவோர் முன்னதையும், தொலைவிடங்களில் தனியே செல்வோர் பின்னதையும் விரும்புதல் இயல்பு. எதுவாயினும் வண்டி அவரவர் உடலளவுக்குப் பொருந்துதல் முதன்மையானது. இருக்கை ஒரு விரற்கடை தாழ்ந்திருப்பினும் நூறு கிலோமீட்டருக்குப் பின் முழங்கால் நோவு அதனைத் தெரிவித்துவிடும்.

இரண்டாவது, கியர் எனப்படும் பற்சக்கர அமைப்பு. மலையேற்றத்தில் இதன் பயனைச் சிறு கணக்கால் விளக்கலாம். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் எனக் கொள்க. முன்பற்சக்கரத்தில் 48 பற்களும் பின்பற்சக்கரத்தில் 16 பற்களும் இருப்பின், மிதிகட்டை ஒருமுறை சுழலும்போது பின்சக்கரம் மும்முறை சுழலும், வண்டி 6.3 மீட்டர் முன்னேறும். இரண்டிலும் 32 பற்களே இருப்பின் வண்டி 2.1 மீட்டர் மட்டுமே முன்னேறும். நூறு மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில், முதல் அமைப்பு ஆளையும் வண்டியையும் ஒரு சுற்றில் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் தூக்க வேண்டும். இரண்டாவது அமைப்பு 13 சென்டிமீட்டர் தூக்கினால் போதும். மலையின் உயரம் குறைவதில்லை. செய்யவேண்டிய வேலையும் குறைவதில்லை. ஒரே மூச்சில் தூக்க முடியாத சுமையை மூன்று பங்காகப் பிரித்துத் தூக்குவதற்கு ஒப்பானது இது.

இவ்வுண்மையை உலகம் எளிதில் ஏற்கவில்லை. பல்வகைப் பற்சக்கரம் மெலிந்தோர்க்கே உரியது என்று வலிமையுடையோர் எள்ளினர். 1902-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் மலைப்பாதைகள் நிறைந்த 240 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு சோதனைப் போட்டி நடந்தது. எட்மோன் சாக்குலேன் என்னும் புகழ்பெற்ற வீரர் ஒற்றைப் பற்சக்கர வண்டியில் சென்றார். மார்த்து எசு என்னும் பெண்மணி மூவகை வேகம் கொண்ட வண்டியில் சென்று அவரை வென்றார். அங்ஙனமிருந்தும் பிரான்சைச் சுற்றும் பெரும்போட்டியில் சங்கிலியை இடம் மாற்றும் கருவி 1937-ஆம் ஆண்டில்தான் அனுமதி பெற்றது. கருவியை ஏற்பது வலிமைக்கு இழுக்கன்று என உணர முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

மூன்றாவது, டயர். 1888-இல் சான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். தொடக்கத்தில் டயர்கள் சக்கர வளையத்தோடு ஒட்டப்பட்டிருந்தமையால், முள் தைத்தால் பழுது பார்க்க நெடுநேரம் பிடித்தது. மிசெலின் உடன்பிறந்தார் கழற்றி மாட்டத்தக்க டயரை அமைத்தனர். மேலே கூறிய 1891-ஆம் ஆண்டுப் போட்டியில் தெரோன் வென்றது அத்தகைய டயரைக் கொண்டே. வழியில் பழுது நேராத டயரன்று, வழியிலேயே விரைந்து சீர்ப்படுத்தத்தக்க டயரே அவருக்கு வெற்றியளித்தது. அப்பாடம் இன்றும் மாறவில்லை. 23 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய டயர் மழமழப்பான சாலைக்கு ஏற்றது. கரடான மலைச்சாலைக்கு 32 முதல் 40 மில்லிமீட்டர் வரை அகலமுள்ளது நன்று. அது குறைந்த காற்றழுத்தத்தில் சரளைக்கல்லின் அதிர்ச்சியைத் தாங்கும். சாலையோரங்களில் சீமைக்கருவேல முள் கிடக்கும் இந்நிலப்பகுதியில், மாற்று டியூபு இரண்டு, ஒட்டுத்துண்டு, பசை, உப்புத்தாள், டயரைக் கழற்றும் நெம்பி, கைப்பம்பு ஆகிய ஆறும் இன்றிப் புறப்படுதல் தகாது.

நான்காவது, பிரேக்கு. ஏறும்போது தளர்ச்சி வரும்; இறங்கும்போதுதான் இடர் வரும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அத்தகைய பாதையில், ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எடை 1,000 மீட்டர் இறங்குவதாகக் கொண்டால், வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. காற்றின் தடை அதில் ஒரு பங்கைக் கொள்ளும். எஞ்சியதையெல்லாம் பிரேக்குகள் வெப்பமாக ஏற்கின்றன. இடைவிடாது பிடித்துக்கொண்டே இறங்கினால் அவை சூடேறிப் பிடிப்பு இழக்கலாம். ஆதலின், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவு கடந்ததும் பிடியைத் தளர்த்தி, முன் பின் பிரேக்குகள் இரண்டையும் அளவறிந்து பயன்படுத்தல் வேண்டும். மழையிலும் சேற்றிலும் வளையப் பிரேக்கைவிட வட்டத்தகட்டுப் பிரேக்கு நன்கு பிடிக்கும். எவ்வகையாயினும் தேய்ந்த கட்டைகளை மாற்ற ஓர் இணை பையில் இருத்தல் நலம்.

ஐந்தாவது, ஒளியும் உடையும். முன்னே வெண்விளக்கு, பின்னே செவ்விளக்கு, ஒளியைத் திருப்பிக்காட்டும் மேற்சட்டை, தலைக்கவசம் ஆகியவை இரவுப் பயணத்தில் உயிர்க்காப்புகள். மின்கல விளக்கு சில மணி நேரத்தில் மங்கும். முன்சக்கரத்தின் குடத்திலேயே அமைந்த டைனமோ சக்கரம் சுழலுமளவும் ஒளி தரும். மலையேறுகையில் வியர்வையால் நனைந்த உடல், இறங்குகையில் காற்றுப்பட்டு நடுங்கும். நடுங்கும் விரல்கள் பிரேக்கைச் செவ்வனே பிடியா. ஆகவே, கைப்பிடியில் அடங்கும் மெல்லிய மழைச்சட்டை ஒன்று கோடையிலும் தேவை.

இவற்றையெல்லாம் எடுத்துச் சென்றால் சுமை கூடாதோ எனச் சிலர் ஐயுறலாம். அவ்வையம் நியாயமானதே. திருக்குறளில் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரம் உண்டு. அளவுக்கு மிஞ்சி ஏற்றிய வண்டியின் அச்சையே அங்கு உவமையாகக் காண்கிறோம். சுமையையும் கணக்கிட்டே பார்த்தல் வேண்டும். ஆளும் வண்டியும் 80 கிலோ எனின், ஒரு கிலோ கூடுவதால் மலையேறும் காலம் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்கு கூடும். எட்டு மணி நேர ஏற்றத்தில் அது ஆறு நிமிடம். பம்பும் டியூபும் சிறு கருவிகளும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோ நிறையே இருக்கும். அவற்றை விட்டுச் செல்பவர் ஆறு நிமிடத்தைச் சேமிக்கிறார். முள் தைத்தாலோ ஓர் இரவு முழுவதையும் இழக்கிறார். மாறாக, பயன்படாத மாற்றுடைகளும் கனத்த போர்வையும் அதே ஆறு நிமிடங்களை வீணே பறிக்கின்றன. எடுத்துக்கொள்ளும் பொருள்களைச் சட்டத்தின் நடுவில் தாழ்வாகக் கட்டுதல் வண்டியின் நிலையைக் காக்கும். உயரக் கட்டிய மூட்டை வளைவுகளில் வண்டியைச் சாய்க்கும்.

உணவைப் பொறுத்தவரை முன்னோர் வழி இன்றும் பழுதற்றது. நெடுவழி செல்வோர் கட்டிச் சென்ற புளிச்சோறு எளிதில் கெடாதது. உப்பும் மாவுப்பொருளும் உடையது. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள நிலம் வேர்க்கடலைக்குப் பெயர்பெற்றது. அவ்வூரில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கடலை வகைகள் ‘டி.எம்.வி.’ என அவ்வூர்ப் பெயரையே தாங்கி நிற்கின்றன. அக்கடலையும் வெல்லமும் சேர்ந்த கடலை மிட்டாய் சிறு அளவில் மிகுந்த ஆற்றல் தருவது. பையின் மூலையிலும் அடங்குவது. நீர்ப்புட்டிகள் இரண்டும் மலையடியிலேயே நிரம்பியிருத்தல் வேண்டும். பையில் எடுத்துச் செல்ல இயலாத பொருள் ஒன்றுண்டு, அது உறக்கம். கண் சொருகும்போது இறங்கிச் சிறிது உறங்கி எழுதலே அறிவுடைமை. கால வரம்பு கடந்தால் மீண்டும் முயலலாம். உயிர் கடந்தால் மீளாது.

இனி, எல்லாவற்றினும் இன்றியமையாத ஒன்று எஞ்சியுள்ளது. கருவி பையில் இருப்பது மட்டும் போதாது. அதனை ஆளும் திறன் கையில் இருத்தல் வேண்டும். புதிய காலணி, புதிய இருக்கை, புதிய கருவி எதனையும் போட்டி நாளில் முதன்முதலாகப் பயன்படுத்தலாகாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கிருந்து திருவண்ணாமலைக்கு மேலும் 40 கிலோமீட்டர் அளவு. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகள் சூழ்ந்த செஞ்சிக்கோட்டையைக் கண்டவாறே, முழுச்சுமையோடு அவ்வழியில் பலமுறை சென்று பழகுதல் நன்று. முற்றுகைக்கு அஞ்சாமல் அக்கோட்டை நின்றதற்கு, மதிலோடு உள்ளே அமைந்த களஞ்சியங்களும் நீர்நிலைகளும் காரணமாகும். வீட்டு முற்றத்தில் விளக்கை அணைத்துவிட்டு இருளில் டியூபை மாற்றிப் பார்ப்பவரே மலைமேல் மழையில் அதனை மாற்ற வல்லவர். அறுந்த சங்கிலியை இணைத்தல், முறிந்த ஆரக்கம்பியை மாற்றுதல், பிரேக்குக் கம்பியை முறுக்கிச் சரிசெய்தல் ஆகியவற்றைப் புளிய மரத்தடிக் கடைக்காரரிடமே பணிவோடு கற்றுக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பெருவீரர் நூலில் எழுதியதைவிட அவருடைய கை மிகுதி கற்பிக்கும்.

வெள்ளிமலைக்குப் புறப்பட்ட இளைஞர்க்கும் நள்ளிரவில் முள் தைக்கலாம். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, விளக்கை ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளைக் கண்டெடுத்து எறிந்து, புதிய டியூபை மாட்டிக் காற்றடித்துக்கொண்டு மேலேறுவார். கால் மணி நேரம் கழியும், அவ்வளவே. அதனைக் காண அங்கே ஒருவரும் இரார். பாராட்ட ஒருவரும் இரார். ஆயினும் அந்தக் கால் மணி நேரத்திற்காகவே அவர் பல திங்கள் ஆயத்தம் செய்தார். தூர்மலே மலையடியில் உலைமுன் நின்ற கிரித்தோபுக்கும், கல்வராயன் மலைவளைவில் முழந்தாளிட்டிருக்கும் இவ்விளைஞர்க்கும் துணை நின்றது ஒன்றே: தன் கையே தனக்கு உதவி.

பயிற்சி

1. துணையின்றிச் செல்லும் மிதிவண்டிப் போட்டியின் பொதுவிதி யாது?
2. கிரித்தோபின் கைத்திறனும் அவர் வண்டியின் குறையும் அவருக்கு விளைத்தவை யாவை?
3. முன்பற்சக்கரத்தில் 36 பற்களும் பின்பற்சக்கரத்தில் 18 பற்களும் உள்ள வண்டி, மிதிகட்டையின் ஒரு சுற்றில் எவ்வளவு தொலைவு செல்லும்? சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் எனக் கொள்க.
4. ‘ஆறு நிமிடத்தைச் சேமித்து ஓர் இரவை இழத்தல்’ என்பதனை விளக்குக.
5. உங்கள் ஊரிலிருந்து அருகிலுள்ள குன்றுக்கு மிதிவண்டியில் சென்று மீள்வதாயின் எடுத்துச் செல்லும் பொருள்கள் பத்தனை எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறுக.